பிராங்கோ, பிளேசர், ஃபோர்ரன்னர்: பழைய வண்டியின் ஹார்ட்டாப்பைக் கழற்றிச் சீர்செய்து திரும்பப் பொருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கச் சந்தைக்காக 1960களிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை தயாரான இரண்டு கதவு ஆஃப்ரோடு வண்டிகள் பலவற்றில், மேற்கூரை முழுவதுமோ அதன் பின்பாதியோ உடலோடு வெல்ட் செய்யப்படாமல் போல்ட் போட்டு உட்காரவைத்த தனிப்பாகமாகவே இருந்தது. இந்தக் கழற்றக்கூடிய கெட்டியான கூரையே ஹார்ட்டாப். ஃபோர்டு பிராங்கோ, செவ்ரலே கே5 பிளேசர், இன்டர்நேஷனல் ஸ்கவுட், டொயோட்டாவின் முதல் தலைமுறை ஃபோர்ரன்னர், ஜீப் ராங்ளர் ஆகியவை இவ்வகையில் இன்றும் அதிகமாகக் கைமாறுபவை. இவற்றில் ஒன்றை வாங்குபவர் முதல் கோடையிலேயே கூரையைக் கழற்றிப் பார்க்க விரும்புவார். முதல் மழையிலேயே பின்சீட்டு நனைவதையும் பார்ப்பார். அப்போது பெரும்பாலோர் கூரையையே குறைசொல்லி வேறொரு பழைய கூரையைத் தேடத் தொடங்குகிறார்கள். உண்மையில் நீர் ஒழுகுவதற்கும் ஃபைபர்கிளாஸ் வெடிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் கூரைக்குக் கீழே, அது உட்காரும் விளிம்பிலும் ரப்பர் பட்டையிலும் போல்ட்டுகளை இறுக்கிய முறையிலும்தான் இருக்கிறது. எனவே கழற்றும் வேலையைச் சுருக்கமாகவும், திரும்ப வைக்கும் வேலையை விரிவாகவும் இங்கே சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது எந்த வகை

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் வண்டியில் கழல்வது முழுக்கூரையா பின்பாதிக் கூரையா என்பதே. 1966 முதல் 1977 வரையிலான முதல் தலைமுறை பிராங்கோவில் கழல்வது எஃகால் ஆன முழுக்கூரை. கே5 பிளேசரில் 1969 முதல் 1975 வரை ஃபைபர்கிளாஸ் முழுக்கூரை இருந்தது. 1976 முதல் 1991 வரை முன்சீட்டுகளுக்கு மேலுள்ள பகுதி எஃகாக நிலைத்துவிட, அதன் பின்னால் உள்ள ஃபைபர்கிளாஸ் பகுதி மட்டும் கழலும்படி மாற்றப்பட்டது. ஆகவே 1975ஆம் ஆண்டுக் கூரையை 1976ஆம் ஆண்டு வண்டியில் வைக்க வழியே இல்லை. 1978இல் பெரிய உருவம் எடுத்த பிராங்கோவும், 1984 முதல் 1989 வரை வந்த முதல் தலைமுறை ஃபோர்ரன்னரும் இதே பின்பாதி முறையைப் பின்பற்றின. 1978, 1979 பிராங்கோக்களின் உடலும் 1980 முதல் 1996 வரையிலான பிராங்கோக்களின் உடலும் வேறுவேறானவை என்பதால், பழைய கூரை வாங்கும்போது பெயரை மட்டும் நம்பாமல் ஆண்டையும் கேட்க வேண்டும். ராங்ளரில் 1987 முதல் 1995 வரையிலான ஒய்ஜே வகையின் கூரையை 1997 முதல் 2006 வரையிலான டிஜே வகைக்கு அப்படியே மாற்றிப் போட முடியாது.

டாட்ஜ் ராம்சார்ஜர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 1974 முதல் 1980 வரையிலான வண்டிகளில்தான் கூரை கழலும். 1981 முதல் அது உடலோடு சேர்ந்த எஃகுக் கூரை. வெட்டி எடுப்பது முற்றிலும் வேறு வேலை, அது இந்த வழிகாட்டியில் இல்லை.

1992க்குப் பிந்தைய பிராங்கோவில் கவனிக்க வேண்டியது

1992ஆம் ஆண்டு மாடலிலிருந்து பிராங்கோவின் பின்சீட்டுக்குத் தோளைக் குறுக்கே பிடிக்கும் மூன்றுமுனை சீட் பெல்ட் வந்தது. அதன் மேல்முனை கூரையோடு இணைந்திருந்ததால், கூரையைக் கழற்றினால் பெல்ட்டின் பிடிமானமும் போய்விடும். இதனால் ஃபோர்டு நிறுவனம் உரிமையாளர் கையேட்டிலிருந்து கூரை கழற்றும் பகுதியை நீக்கியது. சாதாரண அறுகோணத் தலை போல்ட்டுகளுக்குப் பதிலாக நட்சத்திரத் துளை கொண்ட டார்க்ஸ் போல்ட்டுகளையும் போட்டது. கூரை கழல்வது நிற்கவில்லை. உரிமையாளர் கழற்ற வேண்டாம் என்று நிறுவனம் கருதியது, அவ்வளவுதான். 1994 மாடல்களில் இலகு ரக டிரக்குகளுக்கு அமெரிக்க விதிப்படி கட்டாயமான மூன்றாவது பிரேக் விளக்கும் கூரையிலேயே அமைந்தது.

என் கருத்து தெளிவானது: இந்த ஆண்டுகளின் வண்டியில் கூரை இல்லாதபோது பின்சீட்டில் யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, உட்காரவைக்கக் கூடாது. பெல்ட்டுக்கு வேறு இடத்தில் பிடிமானம் அமைக்க விரும்புவோர் அந்தச் சுமையைத் தாங்கும்படி வடிவமைத்த ரோல் பாரில் (வண்டி கவிழும்போது ஆட்களைக் காக்கும் வலுவான குழாய்ச் சட்டம்), இந்த வேலை தெரிந்த பட்டறையில் மட்டும் செய்துகொள்ள வேண்டும். மெல்லிய தகட்டில் ஒரு துளை போட்டு நட் மாட்டுவது பிடிமானம் ஆகாது. பிரேக் விளக்கு பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவதால், சாலைக்கு எடுத்துச் செல்லும் முன் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். எந்த ஆண்டு வண்டியாக இருந்தாலும், ஃபைபர்கிளாஸ் கூரை வண்டி கவிழும்போது ஆட்களைக் காக்கும் கூண்டு அல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள்.

முன்னேற்பாடு

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஒரு சக்கரம் மேட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் இருந்தால் உடல் சற்றே முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் கழற்றினால் கடைசி போல்ட் சுலபமாக வராது, பொருத்தினால் அந்த முறுக்கு கூரையில் நிரந்தரமாகத் தங்கும். பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்துத் தூக்கும்போது இந்தக் கூரைகள் கனமானவை, அதைவிடப் பிடிக்க வசதியற்றவை. மூலைக்கு ஒருவராக நான்கு பேர் வேண்டும். ஆள் இல்லாதவர்கள் கொட்டகையின் உத்தரத்தில் கப்பி கட்டி, அகலமான நாடா போன்ற பட்டைகளால் தூக்கலாம். மெல்லிய கயிறு ஃபைபர்கிளாஸ் விளிம்பை வெட்டிவிடும்.

டொயோட்டாவில் மில்லிமீட்டர் அளவு சாக்கெட்டுகள் போதும். அமெரிக்க வண்டிகளில் அங்குல அளவும் மில்லிமீட்டர் அளவும் கலந்து வரலாம், முந்தைய உரிமையாளர்கள் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கவும் கூடும். ஆகவே முதல் நாளே உட்புற பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றி ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்து, துரு தளர்த்தும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். இந்த வேலையில் பொறுமை காட்டினால் கிடைக்கும் பலன் பெரியது. விளிம்புக்கு அடியில் உள்ள நட் பல வண்டிகளில் சிறு கூண்டுக்குள் அடைபட்டிருக்கும். துருப்பிடித்த போல்ட்டை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் கூண்டு பிய்ந்து நட்டும் சேர்ந்து சுற்றத் தொடங்கும். அதன் பிறகு உள்ளே கைவிட இடமிருக்காது, போல்ட்டை அறுத்தெடுப்பதே வழி. கால் சுற்று தளர்த்தி, சற்றே திரும்ப இறுக்கி, மீண்டும் தளர்த்தி என்று மெதுவாக வெளியே கொண்டுவாருங்கள். ஃபைபர்கிளாஸுக்கு அருகில் நெருப்பால் சூடேற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

கழற்றும் வரிசை

முதலில் பின்கண்ணாடி. பின்பாதிக் கூரை கொண்ட பிராங்கோ, பிளேசர், ஃபோர்ரன்னர் மூன்றிலும் பின்கண்ணாடி டெயில்கேட்டுக்குள் (வண்டியின் பின்கதவுக்குள்) இறங்கும் அமைப்புக் கொண்டது. மேலே ஏறிய நிலையில் அதன் இரு ஓரங்களும் கூரையில் உள்ள தடங்களுக்குள் இருக்கும். கண்ணாடி ஏறியிருக்கும்போதே கூரையைத் தூக்கினால் அது நொறுங்கும். கண்ணாடியை முழுவதும் இறக்கி, டெயில்கேட்டைத் திறந்து வையுங்கள். கூரை இல்லாத நாட்களில் யாரும் பழக்கத்தில் சுவிட்சைத் தொட்டுக் கண்ணாடியை ஏற்றிவிடாதபடி அதன் ஃபியூஸைக் கழற்றி வைப்பதும் நல்லது.

அடுத்து மின்கம்பிகள். உட்புற விளக்கு, பிரேக் விளக்கு ஆகியவற்றின் இணைப்பிகளைப் பிரியுங்கள். டிஜே ராங்ளரில் பின்கண்ணாடித் துடைப்பான், பனி நீக்கும் கம்பிகள் ஆகியவற்றுக்கான இணைப்பியோடு துடைப்பானுக்கு நீர் செல்லும் சிறு குழாயும் இருக்கும். அதையும் பிரித்து, முனையை மேல்நோக்கிக் கட்டிவிடுங்கள். கூரையைத் தூக்கிய பிறகு ஒரு கம்பி இழுபடுவதைக் கண்டு நான்கு பேரும் எடையோடு காத்து நிற்கும் நிலை வரக் கூடாது. எனவே தூக்குவதற்கு முன் ஒருவர் உள்ளே அமர்ந்து சுற்றிலும் ஒருமுறை கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

பிறகு போல்ட்டுகள். பக்கங்களில் உள்ளவற்றை முதலில் எடுத்து, முன் இணைப்பில் உள்ளவற்றைக் கடைசியாக எடுங்கள். ஒவ்வொன்றும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று அட்டையில் வண்டியின் உருவம் வரைந்து, அதே இடத்தில் குத்தி வைப்பது பிற்பாடு பெரிதும் உதவும். ராங்ளர் போன்ற முழுக்கூரை வண்டிகளில் முன்கண்ணாடிச் சட்டத்தில் உள்ள இரண்டு கொக்கிகளையும் விடுவிக்க வேண்டும். தூக்கும்போது முதலில் நேர்மேலே சில அங்குலம், அதன் பின்னரே பின்னோக்கி. பின்பாதிக் கூரையின் முன்விளிம்பு எஃகுக் கூரையோடு பொருந்தி நிற்பதால், மேலே எழும்பாமல் இழுத்தால் அந்த உதடு உடையும்.

கழற்றிய கூரையைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். சாய்ந்தபடி ஒரு கோடை நின்றால் அது வளைந்துபோய், திரும்ப வைக்கும்போது ஒரு மூலை விளிம்பைத் தொடாது. நிமிர்ந்த நிலையில், அடிவிளிம்பு முழுவதும் தாங்கப்படுமாறு கட்டைகளின் மேல் வைக்கலாம். அல்லது உத்தரத்திலிருந்து அகலப் பட்டைகளால் நான்கு இடங்களில் தொங்கவிடலாம். வெயில் படாத இடமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தாளால் இறுக மூடினால் ஈரம் உள்ளே தங்கும், பருத்தித் துணி போதும்.

விளிம்பும் ரப்பர் பட்டையும்

கூரை இறங்கியதும் உங்களுக்குத் தெரியப்போகும் காட்சி பெரும்பாலும் இதுதான்: பழைய பட்டை தட்டையாகி, தகட்டோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது அடியில் பழுப்பு நிறத் துரு செதில் செதிலாக எழும். பட்டை நீரைத் தடுக்காமல் தேக்கி வைத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். துருவின் மேல் புதுப் பட்டையை ஒட்டினால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் அது மேலும் ஆழமாகும்.

பட்டையையும் பசையையும் முழுவதும் சுரண்டி எடுத்து, துருவைப் பளபளப்பான எஃகு தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமரும் அதன்மேல் வண்ணமும் அடியுங்கள். துளைகளின் உள்சுற்றுக்கும் தூரிகையால் பூச வேண்டும். துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. துளையிட்டுப்போன பகுதிகளை மாவுப் பசையால் நிரப்பாமல் புதுத் தகடு வெல்ட் செய்ய வேண்டும், ஏனெனில் கூரையின் பாரமும் சாலையின் அதிர்ச்சியும் அந்த விளிம்பின் வழியாகத்தான் உடலுக்கு இறங்குகின்றன. விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நீண்ட நேர்க்கோலை வைத்துப் பாருங்கள். எப்போதோ பக்கத்தில் அடிபட்ட வண்டிகளில் ஓரிடம் தாழ்ந்திருக்கும்; அதைத் தட்டி நேராக்காமல் அந்த இடத்தில் மட்டும் போல்ட்டை அதிகமாக இறுக்கியவர்களின் கூரைகளில்தான் விரிசல் காணப்படுகிறது.

உங்கள் மாடலுக்கென வார்த்த பட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மூடிய கண்ணறைகள் கொண்ட ஈபிடிஎம் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) நுரைப்பட்டை ஏற்றது. திறந்த கண்ணறை நுரை பஞ்சுபோல நீரை உறிஞ்சும், அது வேண்டாம். தடிமனைத் தீர்மானிக்கச் சிறு களிமண் உருண்டைகளை விளிம்பில் ஆங்காங்கே வைத்து, கூரையை இறக்கி, மீண்டும் தூக்கி, அவை எவ்வளவு நசுங்கின என்று அளவுகோலால் பாருங்கள். ஒவ்வோரிடத்திலும் உள்ள இடைவெளி தெரிந்துவிடும். பட்டை நசுங்க வேண்டும், ஆனால் பாதிக்கு மேல் நசுங்கக் கூடாது. அதிகம் நசுங்கிய நுரை மீண்டும் எழும்பும் திறனை விரைவில் இழக்கிறது.

பட்டையின் இரு முனைகள் சேரும் இடத்தை மூலையில் வைக்காமல் நேரான பகுதியில் வையுங்கள். மூலைகளில் பட்டையை இழுத்துத் திருப்பினால் அது மெலிந்து அங்கேயே ஒழுகும். சற்றுத் தளர்வாக, தள்ளிக் கொடுப்பதுபோல வளைக்க வேண்டும். பட்டைக்குப் பதிலாகவோ அதன் மேலோ சிலிக்கான் பசையைப் பூசும் பழக்கத்தை நான் உறுதியாக எதிர்க்கிறேன். அடுத்த முறை கூரையைப் பிரிக்க முடியாமல் ஃபைபர்கிளாஸ் பிய்வதோடு, அந்தப் பசையின் படலம் இருந்த இடத்தில் வண்ணமும் ஒட்டாது. ரப்பர் காயாமலிருக்க சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவலாம், அது வேறு பொருள். பெட்ரோலிய கிரீஸ் ஈபிடிஎம் ரப்பரை உப்பவைக்கும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

ஃபைபர்கிளாஸ் விரிசல்கள்

மேற்பூச்சில் மட்டும் சிலந்திவலைபோலப் பரவிய கீறல்கள் அழகுக் குறை மட்டுமே. போல்ட் துளையிலிருந்து கிளம்பி விளிம்பு நோக்கி ஓடும் விரிசல் அப்படியல்ல, அதைச் சீர்செய்தே ஆக வேண்டும்.

விரிசலின் முனையைக் கண்டுபிடித்து அங்கே ஒரு சிறு துளை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். பின்னர் உட்புறத்திலிருந்து விரிசலின் இருபுறமும் சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். சரிவு எவ்வளவு நீளமோ அவ்வளவு பிடிப்பு. படகு பழுது பார்ப்பவர்கள் தடிமனைப்போல 12 மடங்கு நீளச் சரிவை அளவாகக் கொள்கிறார்கள், கூரைக்கும் அது பொருந்தும். ஃபைபர்கிளாஸ் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் கெடுதல் என்பதால் நல்ல வடிகட்டி முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தேய்க்கும் கருவியை எடுக்காதீர்கள்.

பிசினில் எபாக்சியையே பரிந்துரைக்கிறேன். பழைய ஃபைபர்கிளாஸின் மேல் பாலியஸ்டர் பிசினைவிட அது உறுதியாகப் பிடிக்கும். அதோடு நெய்த கண்ணாடித் துணியைப் பயன்படுத்துங்கள். துண்டு இழைகளை ஒட்டிச் செய்த பாய் போன்ற வகையின் ஒட்டுப்பொருள் பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் அது சரியாக நனையாது. சிறிய துண்டில் தொடங்கிப் பெரியதாக அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கிலும் காற்றுக்குமிழ் இல்லாமல் உருளையால் அழுத்துங்கள். எபாக்சி இறுகிய பின் அதன்மேல் மறுபடி பாலியஸ்டர் பூசாதீர்கள், அது சரியாக ஒட்டாது. இறுதியாக போல்ட் துளையை மீண்டும் போடும்போது போல்ட்டைவிடச் சற்றுப் பெரியதாகப் போடுங்கள். கூரையும் எஃகு உடலும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. துளையில் கொஞ்சம் இடம் இருந்தால் அந்த வேறுபாடு விரிசலாக மாறாது.

திரும்பப் பொருத்துதல்

கூரையை இறக்கும்போது முன்விளிம்பு முதலில் தன் இடத்தில் அமர, பின்பகுதி மெல்லக் கீழே வர வேண்டும். உள்ளே இருப்பவர் பட்டை எங்கும் மடங்கவில்லை என்பதைப் பார்த்துச் சொல்ல, பிறகே கையை விட வேண்டும்.

எல்லா போல்ட்டுகளையும் விரலால் சில சுற்று ஏற்றுங்கள். ஒன்றுகூட ஸ்பானரைத் தொடும் முன் எல்லாத் துளைகளும் நேராகியிருக்க வேண்டும்; ஏதாவது ஒன்று வராவிட்டால் மற்றவற்றை இறுக்கி அதை வரவழைக்க முயலாமல், கூரையை அசைத்துச் சரிசெய்யுங்கள். மரையில் துரு தடுக்கும் பசையைத் தடவுவதும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் அகலமான வாஷரும் அதன் கீழே ரப்பர் வாஷரும் போடுவதும் அவசியம். சிறிய வாஷர் ஃபைபர்கிளாஸில் அமிழ்ந்து அடுத்த விரிசலைத் தொடங்கிவைக்கும்.

முன் இணைப்பைப் பாதி அளவு இறுக்குங்கள். பின்னர் பக்கங்களில், இடது நடு, வலது நடு, இடது முன், வலது முன் என்று மாறிமாறி நடுவிலிருந்து ஓரங்களுக்குச் செல்லுங்கள். முதல் சுற்றில் வாஷர் தொடும் அளவு, இரண்டாவது சுற்றில் பட்டை நசுங்கும் அளவு, மூன்றாவது சுற்றில் உங்கள் வண்டியின் பட்டறைக் கையேடு சொல்லும் அளவு. மின்சார இறுக்கும் கருவியை இங்கே பயன்படுத்த வேண்டாம். ரப்பர் நசுங்குவதைக் கை உணர வேண்டும். அந்தக் கருவி அதை உணரவிடாமல் நட்டையும் பிய்க்கும், கூரையையும் பிளக்கும்.

இறுக்கிய பின் கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். பின்கண்ணாடியை ஃபியூஸ் மாட்டி மெதுவாக ஏற்றும்போது, அது இருபுறத் தடங்களிலும் சமமாக நுழைகிறதா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் கூரை கோணலாக உட்கார்ந்திருக்கிறது. தளர்த்தி மீண்டும் வையுங்கள், கண்ணாடியின் தடத்தை வளைக்காதீர்கள்.

நீர்ச் சோதனை

முதலில் காகிதச் சோதனை. கூரையை இறக்குவதற்கு முன்பே பட்டையின் மேல் மெல்லிய காகிதத் துண்டுகளை ஆங்காங்கே வெளியே நீட்டி வைத்திருந்தால், இப்போது ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கலாம். எதிர்ப்பே இல்லாமல் வரும் இடத்தில் பட்டை தொடவில்லை.

அடுத்து, ஒருவர் கைவிளக்கோடு உள்ளே அமர, மற்றவர் முனைக்கருவி இல்லாத தோட்டக் குழாயால் வெறுமனே நீர் வழியவிட வேண்டும். கீழ்விளிம்பில் தொடங்கி, ஓரிடத்தில் சில நிமிடம் நின்று, படிப்படியாக மேலே செல்லுங்கள். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஓடி, எது ஓட்டை என்பது தெரியாமல் போகும். பக்கக் கண்ணாடியின் ரப்பரையும் விடாதீர்கள். விளிம்பிலிருந்து வந்ததாக நினைக்கும் நீர் பல சமயம் அந்தக் கண்ணாடியின் கீழ்மூலையில் நுழைந்து உட்சுவர் வழியாக இறங்கியிருக்கும். உள்ளே இருப்பவர் ஈரம் சேர்ந்த இடத்தைக் குறிக்காமல், முதல் துளி தோன்றிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறிக்க வேண்டும்.

ஓட்டும்போது கடைப்பிடிக்க வேண்டிய ஒரு பாதுகாப்பு விதியும் உண்டு. கூரை மாட்டிய நிலையில் பின்கண்ணாடியை மட்டும் இறக்கிக்கொண்டு ஓட்டினால், வண்டியின் பின்னால் உருவாகும் காற்றுச் சுழல் புகைக்குழாயின் வாயுவை உள்ளே இழுக்கிறது. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. பின்சீட்டில் தூங்கும் குழந்தையை அது முதலில் தாக்கும். பின்கண்ணாடி இறங்கியே இருக்க வேண்டிய நிலை வந்தால் முன்பக்க ஜன்னல்களையும் திறந்து, காற்றோட்டியை வெளிக்காற்று நிலையில் வையுங்கள். டெயில்கேட்டின் ரப்பர் பழுதாக இருந்தால், கண்ணாடி ஏறியிருந்தாலும் இந்த ஆபத்து ஓரளவு நீடிக்கும். ஆகவே கூரைப் பட்டையை மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுங்கள்.

புதுப் பட்டை போட்ட சில வாரங்களில் நுரை சற்று அமர்ந்து போல்ட்டுகள் தளரும். குளிர்ந்த காலை நேரத்தில், வண்டி சமதளத்தில் நிற்கும்போது, அதே வரிசையில் ஒருமுறை சரிபார்த்துக் கையேட்டு அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேலும் ஏதாவது ஒரு போல்ட் தொடர்ந்து தளர்ந்துகொண்டே வந்தால், இறுக்குவதை நிறுத்திவிட்டு அதற்கு நேர்கீழே உடலை அடிச்சட்டத்தோடு (சேசிஸ்) இணைக்கும் ரப்பர் தாங்கியைச் சோதியுங்கள். அது நைந்துபோயிருந்தால் உடல் ஒவ்வொரு குழியிலும் முறுக்கிக்கொண்டு கூரையை அசைக்கும். தாங்கியை மாற்றிய பிறகே அந்த போல்ட் நிலையாக நிற்கும்.